தோணிக்காரன் என்ன முறை

சிட்னித் தமிழ்ச் சங்கம் இரண்டாவது தடவையாக ஒரு படம் காட்டத் தீர்மானித்தபோது, அந்தப் படத்தில் ஒருவரும் பேசக்கூடாது என்பதே முதல் நிபந்தனையாக இருந்தது.

முதல் தடவை, 1975இல், பேசும் படந்தான் காட்டினார்கள். அப்போது சிட்னியில் இருந்த தமிழர் எல்லோரும் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அடங்குவார்கள். அதன் பிறகும் கதிரைகள் மிஞ்சும். யாழ்ப்பாணத்தார் இடப்பக்கமும் இந்தியாக்காரர் வலப்பக்கமும் அமர்ந்து மதராசிலிருந்து தருவித்த படத்தைப் பார்த்தார்கள். இடைவேளையில், படத்தில் வரும் சமையற்காரன் யாழ்ப்பாணத் தமிழைக் கேலி செய்கிறான் என்று இடப்பக்கத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். அவன் மலையாளி என்று வலப்பக்கத்தில் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் ஒரு வருடம் நீடித்தது.

ஆகவே இம்முறை மௌனப்படம். பேசாத படத்தில் யார் யாரைக் கேலி செய்ய முடியும் என்று தலைவர் டொக்டர் கதிர்காமநாதன் நிர்வாகக் குழுவைக் கேட்டார். அவர் மயக்கமருந்து நிபுணர். தன் முன்னால் ஆட்கள் மறுபேச்சில்லாமல் கிடப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பொது நூலகத்தில் இரவல் கொடுக்கும் படங்களின் பட்டியலில், ஜெர்மனியில் 1922இல் எடுக்கப்பட்ட ஒன்றைத் தேர்ந்தார்கள். காதலும் பேராசையும் பற்றிய குடும்பச் சித்திரம் என்று அதில் போட்டிருந்தது. குடும்பம் என்ற சொல்லைப் பார்த்துக் குழு ஏகமனதாக அங்கீகரித்தது. சுருள்கள் வந்த பிறகுதான், மௌனப்படத்திலும் ஆட்கள் பேசுவார்கள், பேசியதை நடுநடுவே எழுதிக் காட்டுவார்கள், அந்த எழுத்தெல்லாம் ஜெர்மன் மொழியில் இருக்கிறது என்பது தெரியவந்தது.

இரஞ்சிதம் இந்தக் கதைக்குள் வந்தது அப்படித்தான். கொழும்பில் ஒரு ஜெர்மன் கம்பனியில் ஆறேழு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள் அவள். அவளுடைய கணவன் மகேந்திரராஜா குழுவில் கதிரைகளுக்குப் பொறுப்பான உதவிச் செயலாளர். தன் மனைவிக்கு ஜெர்மன் தெரியும் என்று அவர் கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் அதைச் செய்தியாக அறிவித்தார்.

அவளுக்கு அந்த வாரங்களில் வேறு கவலை இருந்தது. தங்கை கமலினி.

கமலினிக்கு இருபத்தைந்து வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, அக்கா வீட்டில் வாசம். டொக்டர் கதிர்காமநாதன் தன் மனைவியின் தம்பி நித்தியானந்தனுக்கு அவளைக் கேட்டிருந்தார். நித்தியானந்தன் மெல்பேர்னில் பல்வைத்தியர். பெண்ணைப் பற்றி அறிய ஒரு தடவை தொலைபேசியில் அழைத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் சகோதரிகள் இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்பது முதற்கேள்வி. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கேட்டவுடன் வீட்டை விட்டு எழும்புவார்களா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி கமலினியைப் பற்றியதாக இருந்திருக்கலாம். அதற்குள் மெல்பேர்னில் ஒரு நோயாளி வந்துவிட்டார்.

கமலினி விரும்பியது வாசுதேவனை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், ரயில்வே பட்டறையில் மின்பொறியாளன், ஆஷ்ஃபீல்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தான். இருவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். இதை அவள் அத்தானிடம் நேரே சொல்லியிருந்தாள். மகேந்திரராஜா கெட்ட மனிதர் அல்லர். யோசித்துவிட்டு, இதைக் கமிட்டிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். கொண்டும் போனார். குழு அதைப் 'பிற விடயங்கள்' என்பதன் கீழ் கடைசியில் சேர்த்தது. கூட்டங்கள் அந்த இடத்தை அடைவதற்கு முன்னர் மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும். மூன்று கூட்டங்கள் அப்படிப் போயின. நான்காவதில், படவிழா முடிவில் மங்கலகரமான அறிவிப்பு ஒன்று இருக்கும் என்று தலைவர் தெரிவித்தார்.

"அக்கா, டொக்டர் ஒருக்கா மைக்கில சொன்னால் அது முடிஞ்சுது," என்றாள் கமலினி. குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுக்குப் பிறகு நான் வேண்டாம் எண்டால், நான் ஓடிப்போறவள். அதுக்கு முதல் நீ வேண்டாம் எண்டால், அது குடும்பத்தின்ர விருப்பம். நீதான் சொல்ல வேணும்."

"சொல்லுறன்."

"எப்ப?"

படம் முடியட்டும் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், படம் முடியும்போது எல்லாமே முடிந்துவிடும் என்பது இரஞ்சிதத்துக்கு உறைத்தது. கமலினி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தனக்கு ஏன் வாய் வருவதில்லை என்று இரஞ்சிதம் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவளுடைய கல்யாணத்தையும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் சொல்லித்தான் அவள் அறிந்துகொண்டாள். அது மோசமான வாழ்க்கையாக அமையவில்லை. அதனாலேயே அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாமல் போயிற்று. குறை சொல்லாமலிருந்து பழகிய வாய், சொல்லவேண்டிய நேரத்தில் எப்படித் திறக்கும்?

வார இறுதியில், படத்தில் வரும் எழுத்தைத் தமிழில் சொல்ல அவளைக் குழுவுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். படத்தைப் போட்டுக் காட்டக் கருவியுடன் வந்தவன் வாசுதேவன். சிட்னித் தமிழருள் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனும் இரஞ்சிதமும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கதை எளியது. செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு ஆற்றோரக் காணி ஒன்றின் மேல் ஆசை. காணிக்காரன் மனைவியை இழந்த கிழவன். அவனுக்குச் சூளைக்காரரின் மகள் மேல் ஆசை. மகளுக்கோ ஆற்றில் தோணி ஓட்டுகிறவன் மேல். கல்யாண விருந்தில் எல்லோருக்கும் முன்னால் மாட்டேன் என்று சொல்லி எழுந்து, அவள் தோணியில் ஏறிப் போய்விடுகிறாள்.

விளக்கைப் போட்டார்கள்.

"நல்ல தகப்பன்," என்றார் டொக்டர் கதிர்காமநாதன்.

இரஞ்சிதம் தான் ஏதோ சரியாகச் சொல்லவில்லை என்று எண்ணி, அந்தத் தகப்பன் காணிக்காக மகளைக் கிழவனுக்குக் கொடுக்கிறார் என்று மறுபடி விளக்கினாள்.

"அதைத்தான் நானும் சொல்லுறன், மிஸிஸ் மகேந்திரராஜா. அந்த மனுசன் செய்த பிழை என்ன? வசதியான இடமாப் பாத்தவர். காணி பக்கத்துக் காணி. பிள்ளை கண்ணுக்கு முன்னால இருக்கும். இப்பிடி முன்யோசனை உள்ள ஒரு தகப்பனை நான் ஒரு படத்திலயும் காணேல்லை. அந்தப் பெட்டைதான் கதையைப் பழுதாக்குறாள்."

படத்தின் ஜெர்மன் பெயருக்குச் சூளைக்காரன் மகள் என்று பொருள். குழு அதற்குத் 'தந்தையின் கடமை' என்று பெயரிட்டது.

அடுத்த சிக்கல் தோணிக்காரன். இளம் பிள்ளைகள் பார்க்கும் படத்தில் காதலன் என்று ஒருவன் வரலாகாது. அவனைக் கதாநாயகியின் அண்ணன் ஆக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, குழு ஏற்றுக்கொண்டது. அப்போது உபதலைவர் கல்யாணசுந்தரம் கை தூக்கினார். இந்தியாக்காரர், கணக்காய்வாளர், எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பவர்.

"அண்ணன்னா, மூணாவது சுருள்ல அந்த முத்தம் எதுக்கு டாக்டர்?"

அறை சங்கடத்தில் நெளிந்தது. அப்படியானால் ஒன்றுவிட்ட அண்ணன் என்றார்கள். முத்தம் அப்படியேதான் இருந்தது. மாமன் மகன், மச்சான் என்று வைத்தால் முத்தத்தைக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. கல்யாணசுந்தரம் மறுபடி கை தூக்கினார்.

"முறை மாப்பிள்ளைன்னா பொண்ணு அவனுக்குத்தானே சேரணும்? அப்ப அப்பா பண்றது தப்புன்னு ஆயிடுமே."

அண்ணன் என்றால் முத்தம் பிழை. மச்சான் என்றால் முத்தம் சரி, தகப்பன் பிழை. தேநீர் வந்தது, ஆறியது. கடைசியில் தலைவர் தீர்ப்பளித்தார். தோணிக்காரன் பக்கத்து வீட்டு அண்ணன். முத்தம் வரும் இடங்களில் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு காட்போட் மட்டையைப் பிடிப்பது. அதற்கென மறைப்பு உபகுழு ஒன்றை நியமித்து, மகேந்திரராஜாவை அதன் ஒரே உறுப்பினராக்கினார்கள்.

மொழிபெயர்ப்பு யாழ்ப்பாணத் தமிழிலா இந்தியத் தமிழிலா என்பதையும் தீர்க்கவேண்டியிருந்தது. தகப்பனுக்கும் மகளுக்கும் யாழ்ப்பாணத் தமிழ் கொடுத்தார்கள். தோணிக்காரனுக்கும் வேலையாட்களுக்கும் இந்தியத் தமிழ். கல்யாணசுந்தரம் முகம் கறுப்பதைக் கண்டு, கிழவனையும் இந்தியத் தமிழில் சேர்த்துச் சமன் செய்தார்கள்.

இரஞ்சிதம் ஒரேயொரு கேள்வி கேட்டாள். விருந்தில் அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் தான் என்ன சொல்வது?

"உங்கட விருப்பந்தான் என்ர விருப்பம் அப்பா, எண்டு சொல்லுங்கோ," என்றார் டொக்டர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உள்ளதைச் சொல்லுறதுக்கு ஒரு அகராதி போதும், பிள்ளை. எங்களுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பாளர். சனத்துக்கு எது நல்லதோ அதைச் சொல்லுறவர்."

வாசுதேவன் குனிந்து சுருளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

விழாவன்று நகரசபையின் துணை மேயர் பிரதம விருந்தினராக வந்தார். சங்கத்துக்கு நிரந்தரமாக ஒரு மண்டபம் கிடைப்பது அவர் கையில் இருப்பதாக நம்பினார்கள். அவருக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றவைத்து, அவர் கோட்டில் எண்ணெய் பட்டதற்காக மூன்று பேர் தனித்தனியே மன்னிப்புக் கேட்டார்கள். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். டொக்டர் கதிர்காமநாதன் இலண்டனில் படித்தவர். ஆனாலும் மேடையில் அவர் தூய தமிழில்தான் பேசுவார், துணை மேயருக்கு இரஞ்சிதம் ஆங்கிலத்தில் சொல்லுவாள் என்று ஏற்பாடு. நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போது அப்படித்தான் நடக்கும் என்று டொக்டர் விளக்கியிருந்தார்.

கமலினியை மூன்றாவது வரிசையில் டொக்டரின் மனைவிக்கும் நித்தியானந்தனுக்கும் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். டொக்டரின் மனைவி தன் கைப்பையைக் கமலினியின் மடியில் வைத்திருந்தார். அவள் எழும்ப முடியாதபடி வைத்ததாகத்தான் இரஞ்சிதத்துக்குப் பட்டது.

படம் தொடங்கியது. திரைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியுடன் நின்ற இரஞ்சிதம் சொல்லவேண்டியதைச் சொன்னாள். தகப்பன் காணியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். மகளின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுகிறார் என்றாள். கிழவன் பெண்ணின் கையைப் பிடித்து மோதிரம் போட, அவள் கையை இழுத்தாள். நாணம் என்றாள். குரல் தடுமாறாமல் வந்தது. இவ்வளவு எளிதாக இது தனக்கு வரும் என்பது அவளுக்கே பயமாக இருந்தது.

தோணிக்காரன் தஞ்சாவூர்த் தமிழில் பேசியபோது மூன்றாவது வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. கமலினி. உடனே அடங்கிவிட்டது.

மூன்றாவது சுருளில் மறைப்பு உபகுழு பதற்றப்பட்டது. மகேந்திரராஜா மட்டையை முன்கூட்டியே தூக்கி ஓர் ஆட்டுக்குட்டியை மறைத்தார். ஆட்டில் என்ன ஆபாசம் என்று சபையில் யோசிக்கத் தொடங்கிய நேரம் மட்டையை இறக்கினார். முத்தம் திரை நிறைய வந்தது. "இப்ப சார், இப்ப," என்று வாசுதேவன் அவசரமாகச் சொல்வது கேட்டது. மட்டை மறுபடி ஏறியபோது முத்தம் முடிந்திருந்தது.

"பக்கத்து வீட்டு அண்ணன் ஆறுதல் சொல்கிறார்," என்றாள் இரஞ்சிதம்.

கல்யாண விருந்து வந்தது. நீண்ட மேசை, கிழவன், தகப்பன், வாத்தியக்காரர். பெண் எழுந்து நின்றாள். அவள் வாய் அசைந்தது. பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைச் சொல் வந்து நின்றது. அதற்கு ஜெர்மன் தெரியவேண்டியதில்லை. அந்த முகத்தைப் பார்த்த எவருக்கும் அது என்னவென்று தெரியும்.

இரஞ்சிதம் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். திரையின் வெளிச்சத்தில் கமலினி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் டொக்டர் தொண்டையைச் செருமினார்.

"உங்கட விருப்பந்தான் என்ர விருப்பம் அப்பா," என்றாள் இரஞ்சிதம்.

திரையில் அந்தப் பெண் தலையிலிருந்த பூமுடியைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலை நோக்கி ஓடினாள்.

"விருப்பம் எண்டு சொல்லிப்போட்டு எங்க ஓடுறாள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தண்ணி அள்ள," என்று டொக்டர் முன்வரிசையிலிருந்து அடிக்குரலில் சொல்லிக் கொடுத்தார்.

"தண்ணீர் அள்ளப் போகிறாள்."

"அதுக்கேன் தோணியில ஏறுறாள்?"

மண்டபம் சிரித்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகச் சிரித்தது சங்க வரலாற்றில் அதுதான் முதல் தடவை. துணை மேயரும் மரியாதைக்காகச் சேர்ந்து சிரித்தார். கமலினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இப்போது அக்காவைப் பார்க்கவுமில்லை. தலையைக் குனிந்து, மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் சொன்னதை அவர்களே நம்பவில்லை, என்று இரஞ்சிதம் நினைத்தாள். டொக்டர்கூட நம்பவில்லை. ஒருவரும் நம்பாத ஒன்றை, எல்லோரும் நம்புவதற்காக, நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன்.  

விளக்குகள் வந்தன. டொக்டர் மேடையேறி, ஐரோப்பாவிலும் தகப்பனுக்கு மரியாதை இருந்த ஒரு காலத்தை இந்தப் படம் காட்டுவதாகப் பேசினார். இரஞ்சிதம் அதைப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் துணை மேயருக்குச் சொன்னாள். அவர் தலையசைத்தார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்திருந்த புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். நித்தியானந்தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த மகிழ்ச்சியான வேளையிலே," என்று டொக்டர் குரலை உயர்த்தினார், "நமது சங்கத்தின் இளம் செல்வி கமலினி அவர்களுக்கும், மெல்பேர்ன் நகரின் பல்வைத்தியர் திரு நித்தியானந்தன் அவர்களுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது என்ற நற்செய்தியை உங்கள் முன் வைக்கிறேன்."

கைதட்டத் தயாராக எல்லோரும் இரஞ்சிதத்தைப் பார்த்தார்கள். ஒழுங்கின்படி, விருந்தினருக்கு விளங்கிய பிறகுதான் கைதட்டவேண்டும்.

அவள் ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அவளிடம் ஒரு திட்டமும் இருக்கவில்லை. துணை மேயரின் முகம் மட்டுமே தெரிந்தது. அது அவள் சொல்லப்போவதை நம்பக் காத்திருந்தது. அன்று மாலை முழுவதும் அவளை நம்பிய ஒரே முகம் அது.

சங்கத் தலைவர் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறார், என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். என் தங்கை கமலினிக்கும், அதோ அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் மிஸ்டர் வாசுதேவனுக்கும் கல்யாணம். குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பூர்வமான சம்மதம்.

மண்டபத்தில் ஆங்கிலம் தெரியாதவர் ஒருவருமில்லை. கருவியின் விசிறி சுற்றுவது கேட்டது.

துணை மேயர் முகம் மலர்ந்து எழுந்தார். கதிரைகளுக்கு நடுவால் நடந்து போய் வாசுதேவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசுதேவன் கருவியின் விளக்கை அணைக்கப் போன மற்றக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் மட்டையுடன் நின்ற மறைப்பு உபகுழு அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. துணை மேயர் அவர் கையையும் குலுக்கி, நீங்கள் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார். மகேந்திரராஜா மேடையில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு, நான் பெண் வீட்டுக்காரன், என்றார். புகைப்படக்காரர் அந்த மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.

நித்தியானந்தன் கைதட்டத் தொடங்கிவிட்டிருந்தார். யாருக்காகத் தட்டுகிறோம் என்பது புரிந்ததும் சேர்ந்த கைகளைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்க்க வணக்கம் சொல்வதுபோல் இருந்தது.

"நான் சொன்னது வேற, மிஸிஸ் மகேந்திரராஜா," என்றார் டொக்டர், உதடு அசையாமல்.

"ஓம் டொக்டர். திருத்திச் சொல்லுங்கோ. இந்தாங்கோ மைக்."

அவர் ஒலிவாங்கியைப் பார்த்தார். கீழே துணை மேயரைப் பார்த்தார். வெள்ளைக்காரருக்கு முன்னால், தலைவர் சொன்னதைத் தலைவரே மறுத்தால் நமது சமூகத்தைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? கல்யாணசுந்தரம் மேடையோரம் வந்து, விருந்தினர் இருக்கும்போது திருத்தம் கொண்டுவர நம் விதியில் இடமே இல்லை டாக்டர், என்று பணிவாக எடுத்துச் சொன்னார். அவர் முகத்தில் நல்ல நிறம் ஏறியிருந்தது. வலப்பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். இடப்பக்கத்தில் ஒரு பெண். பிறகு மண்டபம் முழுவதும். கடைசியாக டொக்டர் கதிர்காமநாதனும் கைதட்டினார். முன்னின்று நடத்துகிறவர் போல, தலைக்கு மேலே கைகளைத் தூக்கி.

இந்திய, இலங்கைக் கல்யாணங்கள் மிக அழகானவை என்று தான் கேள்விப்பட்டிருப்பதாகவும், அழைத்தால் மனைவியுடன் கட்டாயம் வருவதாகவும் துணை மேயர் உரக்கச் சொன்னார். அந்த நொடியிலேயே முன்வரிசையில் இரண்டு குழு உறுப்பினர்கள் அன்றைக்கு அவரை எங்கே உட்காரவைப்பது என்று குசுகுசுக்கத் தொடங்கினார்கள். துணை மேயர் வருவதாகச் சொன்ன ஒரு கல்யாணத்தை நிறுத்தும் துணிவு எந்தச் சங்கத்துக்கும் கிடையாது.

"எப்போது கல்யாணம்?" என்று அவர் கேட்டார்.

சபை டொக்டரைப் பார்த்தது. டொக்டர் கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார். கல்யாணசுந்தரம் மகேந்திரராஜாவைப் பார்த்தார். மகேந்திரராஜா இரஞ்சிதத்தைப் பார்த்தார். இரஞ்சிதம் மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது வரிசைக்குப் போனாள். ஒலிவாங்கியின் வயர் அவள் பின்னால் இழுபட்டு வந்தது. கமலினியின் மடியிலிருந்த கைப்பையை எடுத்து உரியவரிடம் கொடுத்தாள்.

"உன்னைத்தான் கேக்கிறார்," என்றாள்.

இந்த விடயத்தில் கமலினியிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. அவள் எழுந்தாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் வாங்கினாள். துணை மேயரைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. கதிரைகளுக்கு மேலாகக் கருவி இருந்த பக்கம் பார்த்தாள்.

"செப்டெம்பரில உங்களுக்கு லீவு கிடைக்குமோ?" என்றாள்.